இந்தக் கலருக்குப் பத்துற ஃப்ளாஷ்

தேவானைக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், பாத்திரத்தை உருட்ட மாட்டாள். நாலு சேஃப்டி பின்னை உதட்டில் கவ்விக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் வேலையைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் பக்கத்தில் போகக்கூடாது என்பது அவளோடு பழகியவர்களுக்குத் தெரியும். கோதண்டபாணி மேல் அவளுக்கு வந்த கோபம் நாலு வருஷம் நின்றது. நாலு வருஷமும் வாயில் பின் இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மணப்பெண்ணுக்குப் புடவை கட்டிவிடுவது அவள் தொழில். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே பட்டுப் புடவையை வாங்கிவந்து, மடிப்பெடுத்து, இஸ்திரி போட்டு, பின் குத்தித் தயாராக வைத்துவிடுவாள். மறுநாள் மண்டபத்தில் ஏழே நிமிஷத்தில் கட்டி முடிப்பாள். தி. நகரில் ஒரு பியூட்டி பார்லரில் பெருக்கித் துடைக்கப் போனவள், பார்த்துப் பார்த்தே இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டாள். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று அவள் கால் வைக்காத மண்டபம் கிடையாது. வீடு அப்போது அடையாற்றங்கரையில், கோட்டூர்புரத்துப் பக்கம் இருந்தது.

கோதண்டபாணியை அந்த மண்டபங்களில்தான் பழக்கம். மந்தைவெளியில் ஸ்டுடியோ, கழுத்தில் இரண்டு கேமரா, "எல்லாரும் இங்க பாருங்க" என்று மண்டபமே திரும்பும்படி ஒரு குரல். மகள் ஷண்முகப்ரியா பெரியவளானபோது, ஏரியாவிலேயே போட்டோகிராபர்கள் இருந்தும், தேவானை அவரைத்தான் கூப்பிட்டாள். பெரிய பெரிய வீட்டுக் கல்யாணம் எடுக்கிறவர் தன் மகளையும் எடுக்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றும்.

விசேஷத்தன்று பந்தலில் நாற்காலி அலங்காரம், தாய்மாமன் சீர்த்தட்டு, மைக் செட் என்று ஒரு குறையும் இல்லை. ப்ரியாவுக்குப் பதிமூன்று வயசு. மாம்பழ நிறப் பட்டுப் புடவையை அம்மா கையால் கட்டிக்கொண்டு, கூச்சத்தோடு சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். கோதண்டபாணி இரண்டு படம் எடுத்தார், கேமராவின் முதுகைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு அந்தக் குரலில் சொன்னார்.

"இன்னா தேவானை, இந்தக் கலருக்கு என் ஃப்ளாஷே பத்தாது போலக் கீதே! பல்லைக் காட்டச் சொல்லு, அதாவது தெரியும்."

பந்தலே சிரித்தது. தாய்மாமன் சிரித்தான். தேவானையின் புருஷன் ரகுபதிகூடச் சிரித்தான், பாவி மனுஷன். சொன்னவர் ஒன்றும் எலுமிச்சம்பழ நிறம் கிடையாது. கறுப்பில் ப்ரியாவை விட ஒரு பிடி கூடத்தான் இருப்பார். ஆனால் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன் நிறத்தை எவன் பார்த்தான்?

ஆல்பம் வந்தபோது அடுத்த அடி விழுந்தது. ப்ரியாவின் முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். வந்தவர்களுக்கு நன்றி சொல்லித் தெருமுனையில் வைத்த பேனரிலும் அதே முகத்தைப் போட்டிருந்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் "யாரு வூட்டுப் பொண்ணு இது?" என்று தேவானையிடமே விசாரித்தார்கள். ப்ரியா ஆல்பத்தை எடுத்துப் பீரோவின் அடித்தட்டில், பழைய போர்வைக்குக் கீழே வைத்துவிட்டாள்.

இதோடு போயிருந்தால் வெறும் மனக்கசப்பாக ஆறியிருக்கும். ஆறவிடாமல் செய்தது அதற்கடுத்த மாதம் ஆழ்வார்பேட்டையில் நடந்த ஒரு கல்யாணம். மாப்பிள்ளை நல்ல கறுப்பு, பெரிய நகைக்கடைக்காரர் வீட்டுப் பையன். தேவானை மணப்பெண்ணின் கொசுவத்தைச் சரிபண்ணிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தாள். கோதண்டபாணி வந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும், கேமரா மேல் இருந்த ஃப்ளாஷின் தலையைக் கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளிக் கூரையைப் பார்க்க வைத்தார். வெளிச்சம் மேலே போய், வெள்ளைக் கூரையில் பட்டு, மெத்தென்று கீழே இறங்கியது. திரையில் மாப்பிள்ளை முகம் தேய்த்து வைத்த கருங்காலி போல அத்தனை லட்சணமாக வந்திருந்தது.

தேவானை கொசுவத்தைப் பிடித்தபடியே இருந்தாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஃப்ளாஷ் பத்தாமல் இல்லை. நகைக்கடைக்காரர் வீட்டுக்கு ஒரு தள்ளு தள்ளத் தெரிந்த கட்டைவிரல், அவள் மகளுக்கு அசையவில்லை. அதே ஃப்ளாஷை நேராக முகத்தில் அடித்துவிட்டு, குற்றத்தைக் குழந்தையின் தோல் மேல் போட்டிருக்கிறார். 'இரு, உன்னை இதே கேமராவால் கவனிக்கிறேன்' என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை, பின் இருந்தது.

அடையாறில் சந்திரிகா என்று ஒரு வாடிக்கைக்கார அம்மா. ஆசைக்கு ஒரு ஆரம்பநிலைக் கேமரா வாங்கி, பத்துப் படம் எடுத்துவிட்டுப் பீரோவில் போட்டிருந்தார். தேவானை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். போனில் வீடியோ பார்த்துப் பழகினாள். பழக மாடல், வேறு யார், ப்ரியாதான். ஜன்னலோரம் நிற்பாள், கதவோரம் நிற்பாள், சொன்ன பக்கம் திரும்புவாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு லேசாக ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் கிடைக்கும். வயசுக் குணம் என்று தேவானை விட்டுவிட்டாள்.

பகலில் படம் நன்றாக வந்தது. விளக்கு வைத்தபின் கேமராவின் மண்டையிலிருந்து எழும்பும் சின்ன ஃப்ளாஷ் வேலையைக் கெடுத்தது. நெற்றி எண்ணெய் வழிந்தது, மூக்கு மின்னியது, சுவரில் பின்னாலேயே ஒரு நிழல். சாட்சாத் கோதண்டபாணி எடுத்த படம். மேலே தனியாக மாட்டுகிற ஃப்ளாஷ் ஒன்று வாங்காமல் இது தீராது என்று முடிவுகட்டிக்கொண்டு, ஒருநாள் மத்தியானம் பாண்டி பஜார் பின்சந்தில் ஒரு மாடிக்கடைக்கு ஏறினாள்.

கடையில் ஆயத் என்கிற இளைஞர் இருந்தார். தேவானையின் புடவையையும் கையிலிருந்த கட்டைப்பையையும் பார்த்தார்.

"பையனுக்கா அக்கா?"

"எனக்கு."

"உங்களுக்கா?" என்றவர், அவள் பார்வையைக் கண்டதும் அடுத்த கேள்வியை விழுங்கிவிட்டு, உள்ளங்கை அளவில் ஒரு ஃப்ளாஷை எடுத்து வைத்தார். "ஆரம்பத்துக்கு இது போதும். சின்னது, வெயிட் இல்ல."

"தல மேல திரும்புமா?"

"இது திரும்பாதுக்கா."

"அப்ப உள்ள வை. மூஞ்சில நேரா அடிக்கறதுக்கு நான் இன்னாத்துக்கு பஸ் ஏறி வரணும்?"

ஆயத்துக்கு இப்போது சுவாரஸ்யம் தட்டிவிட்டது. கேமராவை வாங்கித் தலையைத் திருப்பி, ஃப்ளாஷ் மாட்டுகிற தகட்டைப் பார்த்தார். "நடுவுல புள்ளி கீது, தப்பிச்சீங்க. சில ஆரம்பக் கேமராவுல இந்தப் புள்ளியே வெக்க மாட்டான். வேற கம்பெனி ஃப்ளாஷ் மாட்டினா எரியாது." பிறகு இரண்டு ஃப்ளாஷ்களை வைத்தார். இரண்டுக்கும் தலை மேலேயும் திரும்பும், பக்கத்திலேயும் திரும்பும். ஒன்று ஆட்டோ, எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். இன்னொன்று மேனுவல், ஒவ்வொரு தடவையும் நாம்தான் கூட்டிக் குறைக்க வேண்டும்.

"கண்ண மூடிக்கினு ஆட்டோ எடுங்க. நீங்க ஒண்ணும் யோசிக்க வாணாம், அதுவே யோசிக்கும்."

"எங்க, என்னையே ஒண்ணு எடு."

எடுத்தார். திரையில் சாம்பல் பூசிய மாதிரி ஒரு பொம்பளை நின்றாள். தேவானை பையிலிருந்து ஜரிகை பார்டர் வைத்த பட்டு ரவிக்கைத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "இப்ப எடு." இந்த முறை ஜரிகை பளபளத்தது, முகம் இருட்டில் போய்விட்டது.

"அது அப்படித்தாங்க்கா," என்று ஆயத் தலையைச் சொறிந்தார். "எதிர்ல கறுப்பு ஜாஸ்தியா தெரிஞ்சா வெளிச்சத்தக் கூட்டும். ஜரிக மின்னுனா கொறைக்கும். எல்லாத்தையும் நடுவாந்தரமா கொண்டாரப் பாக்கும்."

"அப்ப நான் எவ்ளோ கறுப்புன்றத அது முடிவு பண்ணுது."

"அப்பிடியும் சொல்லலாம்."

"அத்த முடிவு பண்ண ஒருத்தன் ஏற்கெனவே கீறான். இன்னொண்ணு வாணாம். அந்த மேனுவலைக் குடு."

மேனுவலை மாட்டி, தலையைக் கூரைக்குத் திருப்பி, வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்து, பதினோரு படம் எடுக்க வைத்தாள். வேறு வாடிக்கையாளர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள், அதைப் பற்றி அவளுக்கென்ன. பன்னிரண்டாவது படத்தில் திரையில் தேவானை இருந்தாள். கண்ணாடியில் தினமும் பார்க்கிற அதே தேவானை. அவள் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத்தப் பெட்டில போடு" என்றாள்.

இதற்குள் ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டார்கள். பெரும்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். மயிலாப்பூருக்கு இரண்டு பஸ் மாறவேண்டும் என்பது தனிக்கதை. அங்கே பக்கத்து வீட்டுப் பொன்மணியின் வளைகாப்புதான் தேவானையின் முதல் விசேஷம். பிளாக்குகளுக்கு நடுவே சிவப்பும் மஞ்சளுமாகத் துணிப்பந்தல் போட்டிருந்தார்கள். தேவானை படித்த பாடம் மாறாமல் ஃப்ளாஷின் தலையை மேலே தூக்கி அடித்தாள். வெளிச்சம் சிவப்புத் துணியில் பட்டு, சிவப்பாகவே இறங்கியது. பொன்மணி, மாமியார், வளையல், வெரைட்டி ரைஸ், சகலமும் குங்குமத்தில் முக்கி எடுத்த மாதிரி ஆயிற்று. மண்டபத்துக் கூரை வெள்ளை, பந்தலின் கூரை வெள்ளை இல்லை. இந்தச் சின்ன விஷயம் அவளுக்கு உறைக்கவில்லை.

பொன்மணி அழுதாள். யாரோ அந்தப் படங்களை வாட்ஸாப்பில் சுற்றவிட, அது சுற்றிச் சுற்றி மந்தைவெளி வரை போயிற்று. அடுத்த முகூர்த்தத்தில், மேக்கப் பெண்கள், நாதஸ்வரக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது கோதண்டபாணி கேட்டார்: "இன்னா தேவானை, வளைகாப்புல ஹோலி கொண்டாடுனியாமே? புடவையப் பாரும்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அதே சிரிப்பு. தேவானை பெட்டியிலிருந்து பின் எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று உதட்டில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு மணப்பெண்ணுக்குக் கட்டிய கட்டு, தாலி கட்டி விருந்து முடிந்து கார் ஏறும்வரை ஒரு நூல் நகரவில்லை.

வழி அவள் கையிலேயேதான் இருந்தது. துணியைப் பின் குத்தி நிறுத்துவதுதானே அவள் பிழைப்பு? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரகுபதியின் வெள்ளை வேட்டி இரண்டை எடுத்தாள். பொன்மணியை வளையலோடு திரும்பவும் உட்காரவைத்து, அவள் தலைக்கு மேலே, வேறு வீட்டு விசேஷத்துக்குப் போட்டிருந்த பந்தல் துணியின் உள்பக்கமாக வேட்டிகளை விரித்து, இருபது பின் போட்டு இழுத்துக் கட்டினாள். ஃப்ளாஷைத் தூக்கி அடித்தாள். வேட்டியில் பட்டு இறங்கிய வெளிச்சத்தில் பொன்மணி இருந்த இருப்பைப் பார்த்து, அவள் மாமியார், முதல் தடவையாக, மருமகளை அழகு என்று சொன்னாள்.

அதன்பின் கூப்பிட ஆரம்பித்தார்கள். 'வேட்டி கட்டி எடுப்பாங்களே, அந்தக்கா' என்று பெரும்பாக்கத்திலிருந்து ஆதம்பாக்கம் வரை பெயர் பரவியது. தேவானைக்கு அது போதவில்லை. அவளுக்கு வேண்டியது கோதண்டபாணியின் வாடிக்கை. மணப்பெண்ணின் அறைக்குள் முதலில் நுழைகிறவள் அவள்தான். பின் குத்திக்கொண்டே போனில் நாலு படம் காட்டுவாள். "பாப்பா, ரிசப்ஷனுக்கு யாரு எடுக்கறாங்க?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்பாள். அது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள், அவள் நியாயம் பார்க்கிற நிலையில் இல்லை. கொட்டிவாக்கத்தில் அவர் கையிலிருந்த ஒரு நிச்சயதார்த்தம் நழுவி இவளிடம் வந்த அன்று, அவள் வைத்த ரசம் வழக்கத்தைவிட நன்றாக இருந்ததாக ரகுபதி சொன்னான். காரணம் அவனுக்குத் தெரியாது.

இந்த நிலையில்தான் ஒரு சாயங்காலம் ஆழ்வார்பேட்டை பேங்க் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தன் கல்யாணப் புடவையோடு தி. நகர் பார்லருக்குத் தேவானையைத் தேடி வந்தாள். பெயர் ஜெயஸ்ரீ. மடிப்பு அகலம், முந்தானை நீளம் எல்லாம் பேசி முடித்த பிறகு, "போட்டோவும் நீங்கதான்க்கா எடுக்கணும்" என்றாள். "எங்கப்பா கோதண்டபாணி."

தேவானையின் கையிலிருந்த டேப் அப்படியே நின்றது.

"அப்பா எடுத்த எந்தப் படத்துலயும் நான் இல்லக்கா," என்றாள் ஜெயஸ்ரீ. அவளும் அப்பாவின் நிறம்தான். "ஸ்கூல் ஐடி கார்டுலேர்ந்து எல்லாத்துலயும் வெள்ளையா ஏத்தி வெச்சிருக்காரு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினதும் அதுதான். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நான்தான் கதவைத் தொறந்தேன். அவங்க என்னைத் தாண்டி உள்ள எட்டிப் பாத்து, பொண்ணு எங்கன்னு கேட்டாங்க."

தேவானைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இவளுக்கு உள்ளே மேளம் கொட்டியது. நாலு வருஷம் காத்ததற்கு அவன் வீட்டுக்குள்ளிருந்தே ஆள் வருகிறது. கூடவே அந்தப் பெண் மேல் பரிதாபமும் வந்தது, ஆனால் மேளத்துக்குக் குறைவாகத்தான்.

மயிலாப்பூர் மண்டபத்தில் ரிசப்ஷன். மகள் பிடித்த பிடிவாதத்தில் கோதண்டபாணி அன்று கழுத்தில் கேமரா இல்லாமல், பட்டு வேட்டி சட்டையில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேடையில் நின்றார். முப்பது வருஷமாக அடுத்தவன் மூஞ்சியைப் பார்த்தவருக்குத் தன் மூஞ்சியை நீட்டத் தெரியவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு விறைத்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. தேவானை கேமராவைத் தூக்கினாள். கட்டைவிரல் ஃப்ளாஷின் தலையில் இருந்தது. நேராகச் சாய்த்து முழு வெளிச்சத்தில் ஒரு அடி அடித்தால் போதும். வியர்வை மின்னும், மூக்கு மின்னும், மகள் கல்யாண ஆல்பத்தில் காலத்துக்கும் அவர் அப்படியே இருப்பார்.

தலையைச் சாய்த்தும்விட்டாள். பிறகுதான் தோன்றியது: படம் கேவலமாக வந்தால், எடுத்தவளுக்குத் தொழில் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்குவார். அவரைத் தப்பிக்க விடக்கூடாது. அவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே, அப்பழுக்கில்லாமல் எடுக்கவேண்டும். தலையை மேலே தூக்கினாள். அதை இரக்கம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஜெயஸ்ரீ அந்தப் படத்தைத்தான் பிறந்த வீட்டுக் கூடத்தில் மாட்ட இரண்டடிக்கு மூன்றடியில் பெரிதாகப் போடச் சொன்னாள். நடுவில் அவள், இரண்டு பக்கமும் அப்பா அம்மா. கண்ணாடி போட்டு அது தேவானை வீட்டில் வந்து இறங்கிய இரண்டாம் நாள், மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு கோதண்டபாணி வந்து நின்றார். தேவானை நாற்காலியை இழுத்துப் போட்டாள். சுவரில் சாய்த்திருந்த படத்தை அவர் பார்த்தார், வேறு பக்கம் திரும்பினார், மறுபடி பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்துக்கிறே," என்றார். "ஒண்ணே ஒண்ணும்மா. என் மூஞ்ச மட்டும் கொஞ்சம் ஏத்தி விட்டு வேற ஒண்ணு போட்டுக் குடேன். ஜெயஸ்ரீ கைல கேட்டா ஃபைல் தர மாட்டேன்றா. சம்பந்தி வூட்டு ஆளுங்க வந்து போற இடம். நம்ம தொழில்ல இல்லாததா?"

இந்த நிமிஷத்துக்காக தேவானை எத்தனையோ பதில் தயார் பண்ணி வைத்திருந்தாள். பஸ்ஸில் சொல்லிப் பார்த்திருக்கிறாள், துணி துவைக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"எம்பொண்ணு சடங்குல இன்னா சொன்னீங்கன்னு நெனப்பு கீதா சார்?"

கோதண்டபாணி யோசித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். "உம்பொண்ணு சடங்கா? நான் வந்தேனா?"

இப்படி ஒரு பதிலுக்குத் தேவானையிடம் எதுவும் தயாராக இல்லை. நாலு வருஷமாக அவளைத் தூங்கவிடாத ஒன்று, இந்த மனுஷனிடம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

உள்ளே படித்துக்கொண்டிருந்த ப்ரியா எழுந்து வந்தாள். இப்போது பதினேழு. அந்த விஷயத்தை இதுவரை ஒரு தடவைகூட வாயில் எடுக்காதவள், மறந்தேபோனவள் என்று அம்மா நினைத்திருந்தவள்.

"இந்தக் கலருக்கு என் ஃப்ளாஷே பத்தாது போலக் கீதே," என்றாள், அவர் குரலிலேயே, அவர் இழுத்த இழுப்போடு. "பல்லைக் காட்டச் சொல்லு, அதாவது தெரியும்."

கோதண்டபாணி அவளைப் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ப்ரியா படத்தின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பல்லே காட்டல சார். ஆனா நல்லாத் தெரியறீங்க."

அவர் எழுந்தார். படத்தைத் தூக்கிக்கொண்டார். "ஏத்த முடியாது சார்," என்றாள் தேவானை. "மெதுவாப் போங்க, கண்ணாடி." லிஃப்ட் ஓடாத நாள் அது. மூன்று மாடியும் அவர் தன் முகத்தைத் தானே நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழே பைப்படியில் நின்ற பொம்பளைகள் படத்தையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"ஐயே, அப்பிடியே அச்சு அசல் உரிச்சு வெச்சா மாரி கீறாரு!" என்று பொன்மணியின் மாமியார் கத்தியது மேலே வரை கேட்டது.

தாழ்வாரக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ப்ரியா சிரித்தாள். வாய் விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய. கூடச் சிரிக்கப் போன தேவானை பாதியில் நின்றுவிட்டாள். இந்த நாலு வருஷத்தில் மகளை ஆயிரம் படம் எடுத்திருப்பாள். அதில் பல் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.